முதல் பிஸ்டல் தேஞ்சு போச்சு: பழையபடி ஆக்கவா, கஸ்டம் பண்ணவா, இல்ல அப்படியே விடவா?

முதல்பிடி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கிற விஷயம், முடிவு எடுக்க முடியாம இங்க கொண்டு வந்திருக்கேன்.

லைசென்ஸ் வந்ததும் நான் எடுத்த முதல் பிஸ்டல் ஒரு எஃப்என்ங்கிற பெல்ஜியம் கம்பெனியோட பிரவுனிங் ஹை பவர், 9 எம்எம். 1970கள்ல வந்தது, ஸ்பர் ஹேமர் (வால் மாதிரி நீட்டின ஹேமர்), வெளிப்பக்கம் தெரியுற எக்ஸ்ட்ராக்டர் (காலி ஓட்டை இழுக்கிற கொக்கி), பொடி சைஸ் சேஃப்டி, அதைவிடப் பொடியா சைட். நான் வாங்கும்போதே ஏற்கெனவே ஒருத்தர் நல்லா உபயோகிச்சதுதான், அதுக்கு மேல நானும் உபயோகிச்சேன். சுடக் கத்துக்கிட்டதே இதுலதான்.

இப்ப நிலைமை என்னன்னா, ஃப்ரேமோட முன்பக்கமும் பின்பக்கமும் கை படுற இடமெல்லாம் நீலம் போயி வெறும் இரும்பு தெரியுது. ஸ்லைடோட (சுடும்போது முன்னும் பின்னும் ஓடுற மேல் பாகம்) முனை ரெண்டு பக்கமும் ஹோல்ஸ்டர்ல தேஞ்சு வெள்ளை. ஆனா ஸ்லைடோட வலது பக்கம் மட்டும் இன்னும் அந்த ஆழமான நீலம் அப்படியே இருக்கு, வெளிச்சத்துல திருப்பினா மனசு உருகிடும். கிரிப் பேனலைக் கழட்டிப் பாத்தா பேனல் விளிம்பு உக்காரும் கோட்டுல வரிசையா சின்னச் சின்னக் குழி, உள்ள ஆரஞ்சு துரு. வலது பேனல் ஸ்க்ரூ ஓட்டைகிட்ட விரிசல். சுடும்போது காலி கேஸ் (தோட்டா ஓடு) முன்னாடியைவிட ரொம்ப தூரம் போயி விழுது, ஹேமர் கட்டைவிரல் இடுக்கைக் கடிக்குது.

மூணு வழி யோசிச்சேன். ஒன்னு, முழுசா பாலிஷ் போட்டு திரும்ப ப்ளூயிங், அதாவது அந்த நீல ஃபினிஷ். ரெண்டு, ஹார்ட் குரோம் முலாம், நோவாக் கம்பெனியோட பெரிய சைட், பீவர்டெயில் (ஹேமர் கையைக் கடிக்காம பின்னால நீட்டுற வால்), நல்ல ட்ரிகர்னு முழு கஸ்டம். மூணு, கை வைக்காம விட்டுடறது. விக்கிற எண்ணம் துளிகூட இல்ல. இதுல கை வச்சவங்க சொல்லுங்க.

ரேஞ்ச்பக்கம்

கஸ்டம்தான் நண்பா, யோசிக்கவே வேணாம்.

ஹை பவர் மாதிரி கையில உக்காரும் பிஸ்டல் ரொம்பக் கம்மி, ஆனா ஃபேக்டரியில இருந்து வந்த அந்த சைட்டை வச்சுக்கிட்டு யாரு குறி பாக்கறது, வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சா கண்ணுக்கே தெரியாது. 1980கள்ல எஃப்பிஐயோட ஹாஸ்டேஜ் ரெஸ்க்யூ டீம் (பணயக்கைதிகளை மீட்கிற படை) வச்சிருந்தது கன்ஸ்மித் வெய்ன் நோவாக் கஸ்டம் பண்ணிக் குடுத்த ஹை பவர்தான். நல்ல சைட், சுத்தமான ட்ரிகர், கடிக்காத ஹேமர், இந்த மூணும் போட்டா இது இன்னைக்கும் எந்தப் புது பிஸ்டலுக்கும் சளைச்சது இல்ல. உன்னோடது ஏற்கெனவே தேஞ்சது, கெடுக்கறதுக்கு அதுல ஒன்னும் மிச்சம் இல்லங்கிறதுதான் நல்ல விஷயம். சுடறதுக்கு வாங்கினதைச் சுடற மாதிரி ஆக்கிக்கோ.

கருநீலம்

ரேஞ்ச்பக்கம் சொல்றதை நான் ஒத்துக்கல. அந்த வலது பக்க நீலத்தைப் பத்தி அவரே எப்படி எழுதியிருக்கார்னு பாருங்க. அந்த மனசுக்காரர் ஹார்ட் குரோம் போட்டா கொஞ்ச நாள்லயே வருத்தப்படுவார்.

முதல்பிடி, ரீ-ப்ளூ பண்ணலாம், அழகா வரும், ஆனா ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ப்ளூயிங்ங்கிறது பெயின்ட் இல்ல. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த உப்புக் கரைசல்ல, 135லேர்ந்து 150 டிகிரி செல்சியஸ் சூட்டுல, இரும்போட மேல்தோலே கறுப்பு ஆக்சைடா மாறுது, கனம் ஒன்னு ரெண்டு மைக்ரான்தான். கீழ இரும்பு எப்படி இருக்கோ அதை அப்படியே காட்டும். ஒரு கீறலைக்கூட மறைக்காது. அதனால நல்ல ப்ளூயிங் கெட்ட ப்ளூயிங்னு நாம சொல்றதுல முக்கால்வாசி அதுக்கு முன்னாடி நடந்த பாலிஷோட லட்சணம்.

கன்ஸ்மித்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்றேன், அவர் முடிச்சு வச்ச வேற ஒரு பிஸ்டலைக் காட்டச் சொல்லுங்க. லோடு இல்லன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ஸ்லைடோட தட்டைப் பக்கத்தை ட்யூப் லைட்டுக்குச் சாய்ச்சுப் பிடிங்க, லைட்டோட பிம்பம் அந்த உலோகத்துல ஒரு கோடா விழும். மெதுவா திருப்புங்க. கோடு நேரா ஓடினா தட்டையான கட்டையில பேப்பர் சுத்தி கையால தேச்சிருக்காங்க. கோடு நெளிஞ்சா துணி வீல்ல குடுத்து உருட்டியிருக்காங்க. அப்புறம் ஸ்க்ரூ ஓட்டை, பின் ஓட்டைகளோட விளிம்பைப் பாருங்க, கூர்மையா இருக்கணும். வீல் பட்ட ஓட்டை புனல் வச்ச மாதிரி உள்வாங்கி இருக்கும். எழுத்துகளைப் பாருங்க, ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மங்கல்னு இருந்தா அந்தக் கடைக்குக் குடுக்காதீங்க. என் அப்பாவோட பிஸ்டல் ஒன்னு அப்படித்தான் ஒரு இடத்துல குடுத்து, ஸ்லைடு மேல இருந்த எழுத்து பாதி போயி, மூலையெல்லாம் மழுங்கி வந்தது. பளபளன்னுதான் இருந்தது. அந்த மூலை இனி வராது.

உளிக்காரன்

கன்ஸ்மித் வேலை பாக்கறவன்கிற முறையில சொல்றேன் தம்பி, நீங்க மூணு பேரும் தோலைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க, அவர் எழுதினதுல எனக்குக் கவலையா பட்டது கேஸ் தூரம் போயி விழுதுன்னு சொன்ன அந்த ஒரு வரிதான்.

ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுற ஸ்பிரிங்) தளர்ந்தா ஸ்லைடு வேகமா பின்னுக்கு வந்து ஃப்ரேமை அடிக்கும், கேஸைத் தூக்கி எறியும். வெளிய பாக்க ஒன்னும் தெரியாது, ஒவ்வொரு தடவை சுடும்போதும் இரும்பு உள்ள அடி வாங்கிட்டு இருக்கும். ஹை பவருக்கு ஸ்டாண்டர்ட் ரீகாயில் ஸ்பிரிங் 17 பவுண்டு, மெயின் ஸ்பிரிங், அதாவது ஹேமரோட ஸ்பிரிங், 32 பவுண்டு. இது ரெண்டையும் எப்ப மாத்துனீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இல்லன்னா முதல்ல மாத்துங்க. நீங்க போடற மத்த எல்லா செலவையும்விட இதுதான் சின்னது, இதுதான் அந்த பிஸ்டலைக் காப்பாத்தும்.

அதுக்கப்புறம் முழுசா பிரிச்சுப் பாக்கணும். ஹை பவர்ல பேரலுக்கு 1911 பிஸ்டல் மாதிரி ஆடுற லிங்க் கிடையாது, பேரலோட அடியில கேம் வெட்டு இருக்கும், அது ஃப்ரேம்ல குறுக்கே நிக்கிற கட்டையில மோதி கீழ இறங்கும். அந்தக் கட்டை தளர்ந்திருக்கா, ஓரம் நசுங்கியிருக்கான்னு பாக்கணும். பேரலோட மேல இருக்கிற லாக்கிங் லக், ஸ்லைடுக்குள்ள அது உக்காரும் வெட்டு, ரெண்டோட விளிம்பும் உருண்டிருக்கான்னு பாக்கணும். ஃப்ரேம் ரெயில், ஸ்லைடு ஸ்டாப் ஓட்டையைச் சுத்தின இடம், எஜெக்‌ஷன் போர்ட்டோட மூலை, இங்கெல்லாம் மயிரிழை விரிசல் வரும். எண்ணெய் இருந்தா கண்ணுக்குத் தெரியாது. சுத்தமா துடைச்சு டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள்ள ஊறுற சாயம்) போட்டா செவப்புக் கோடா காட்டிக் குடுத்துடும், மேக்னடிக் பார்ட்டிகிள் டெஸ்ட் வசதி இருந்தா இன்னும் நல்லது. ஹெட்ஸ்பேஸ் (பேரல்ல தோட்டா உக்காரும் இடைவெளி) கேஜ் போட்டுப் பாக்கணும். ப்ரீச் ஃபேஸ்ல ஃபயரிங் பின் ஓட்டை அரிச்சு பெருசாயிருக்கான்னு பாக்கணும்.

விரிசல் இருந்தா பேச்சே மாறிடும். அந்த ஃப்ரேம் மேல ஹார்ட் குரோம் போட்டா என்ன, ரஸ்ட் ப்ளூ போட்டா என்ன. முதல்ல இதைப் பாத்துட்டு வாங்க, மத்ததை அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் அந்த ஸ்பிரிங்கை வச்சுச் சுடாதீங்க, +பி லோடு (அழுத்தம் அதிகமான தோட்டா) வேணவே வேணாம்.

பழையஇரும்பு

உளிக்காரன் அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்றதுக்கு மெக்கானிக்கலா ஒன்னும் இல்ல. நான் சேகரிக்கிற பக்கத்துல இருந்து ஒன்னு சேத்துக்கறேன்.

எதைத் தொடறதுக்கு முன்னாடியும் மார்க்கிங் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து வைங்க, ஸ்லைடு, ஃப்ரேம், பேரல், மேகசின் வரைக்கும். ஹை பவர்ல ஒன்னுக்கொன்னு ரொம்ப வித்தியாசம் உண்டு. இதை வடிவமைக்க ஆரம்பிச்ச ஜான் பிரவுனிங் 1926ல பெல்ஜியத்தோட லியேஜ்ல இறந்துட்டார், அந்த டிசைனை முடிச்சு 1935ல உற்பத்திக்குக் கொண்டு வந்தது எஃப்என்னோட வடிவமைப்பாளர் டியூடோனே சைவ். போர்க் காலத்துல ஜெர்மன்காரங்க எஃப்என் ஃபேக்டரியைக் கையில எடுத்தப்ப வந்ததுல வாஃபனாம்ட் (ஜெர்மன் ராணுவத்தோட ஆயுத அலுவலகம்) முத்திரை இருக்கும். 1944, 45ல கனடாவுல ஜான் இங்லிஸ் கம்பெனி பண்ணது ப்ளூயிங்கே கிடையாது, பார்க்கரைசிங் (மங்கலான பாஸ்பேட் ஃபினிஷ்). சீன ஆர்டருக்குப் போனதுல சீரியல்ல சிஎச் எழுத்து. இந்த மாதிரி ஒன்னு கையில மாட்டிக்கிட்டு அதுக்குப் பளபளன்னு நீலம் போட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கேன், பாக்கவே வயிறு எரியும். இங்லிஸுக்கு நீலம் போட்டா அது ரெஸ்டோரேஷன் கிடையாது, இல்லாத ஒரு சரித்திரத்தை எழுதறது.

உங்களோடது 1970கள்ல வந்த கமர்ஷியல்னா நான் பயமுறுத்த மாட்டேன். அது அபூர்வம் இல்ல. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனாலும் ஃபேக்டரி ஃபினிஷ் ஒரே ஒரு தடவைதான் வரும். தேஞ்ச ஒரிஜினலை நல்ல ரீ-ப்ளூவைவிட மேலா மதிக்கறவங்கதான் சேகரிக்கறவங்கள்ல அதிகம், அதுக்குக் காரணம் இருக்கு. தேஞ்ச இடம் பொய் சொல்லாது. எந்தக் கை பிடிச்சது, எந்தப் பக்கம் ஹோல்ஸ்டர்ல உரசினது எல்லாம் அதுலயே எழுதியிருக்கு.

ரேஞ்ச்பக்கம்

பழையஇரும்பு சார், மரியாதையோட சொல்றேன், அவர் விக்கப் போறதில்லைன்னு முதல் பதிவுலயே சொல்லிட்டார். அப்ப சேகரிக்கறவங்க எதை மதிக்கறாங்கன்னு எதுக்கு அவர் கவலைப்படணும்? வாழ்நாள் முழுக்க அவர் கையில இருக்கப் போறது, அவர் கண்ணுக்கு சைட் தெரியணும், அவர் கையைக் கடிக்கக் கூடாது. தேஞ்ச தழும்பை வச்சு அழகு பாக்கறதைவிட, நல்லா குறி விழுந்தா வர்ற சந்தோஷம் பெருசு.

பழையஇரும்பு

விலையைப் பத்தி நான் பேசவே இல்ல தம்பி, திரும்பப் படிச்சுப் பாருங்க. திரும்ப வராததைப் பத்திப் பேசறேன். ஸ்லைடுல நோவாக் சைட்டுக்கு வெட்டினா வெட்டினதுதான். பீவர்டெயில் வைக்க ஃப்ரேமோட பின்வால்ல வெல்டிங் வைக்கணும், வெல்டிங்னா சூடு, சூடுன்னா அந்த இடத்து ஃபினிஷ் போயிடும், அப்ப மொத்தத்துக்கும் ஃபினிஷ் போட்டே ஆகணும். ஒரு வேலை அடுத்த வேலையை இழுத்துட்டு வரும். கடைசியில அவர் கையில இருக்கறது நல்ல பிஸ்டலா இருக்கும், ஆனா அவர் கத்துக்கிட்ட பிஸ்டலா இருக்காது.

கஸ்டம் ஆசை இருந்தா அதுக்கு வேற ஒன்னை எடுக்கலாமே. எஃப்என் பழைய ஹை பவரை நிறுத்தினப்ப வழி இல்லாம இருந்தது, 2021ல ஸ்ப்ரிங்ஃபீல்டோட எஸ்ஏ-35 வந்துடுச்சு, அதுல சைட்டும் நல்லா பெருசு, மேகசின் டிஸ்கனெக்ட்டும் (மேகசின் வெளிய இருந்தா சுட விடாத சேஃப்டி) கிடையாது, ஹேமர் கடிக்கறதையும் சரி பண்ணியிருக்காங்க. டிசாஸ், கிர்சான் கம்பெனிகள்லாம் இதே டிசைன்ல பண்றாங்க. அதுல எதை வேணா வெட்டுங்க, நான் கூடவே நின்னு கை தட்டறேன்.

ரேஞ்ச்பக்கம்

வெல்டிங் பாயின்ட் சரிதான், அதை நான் யோசிக்காம இல்ல, ஆனா ஹேமர் கடிக்கறதுக்கு பீவர்டெயில்தான் வேணும்னு இல்லையே. ஸ்பர் ஹேமரை எடுத்துட்டு ரிங் ஹேமர் (வட்டத் தலை ஹேமர்) போட்டாலே நிறைய பேருக்கு நின்னுடும். 1970களோட ஆரம்பத்துக்கு முன்னாடி வந்த கமர்ஷியல் ஹை பவர்லயே அதுதான் இருந்தது. பழைய ஹேமரைக் கவர்ல போட்டு வச்சா எப்ப வேணா திரும்ப மாட்டிக்கலாம். ஹேமரும் சியரும் (ஹேமரைப் பிடிச்சு வைக்கிற கொக்கி) ஒன்னுக்கொன்னு ஜோடியா உக்காரணும், அதை மட்டும் கன்ஸ்மித்கிட்ட குடுத்து மாட்டிக்கோங்க, வீட்டுல ஃபைல் எடுக்காதீங்க.

கேள்விக்குறி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், செராகோட் (செராமிக் கலந்த பூச்சு) போட்டா என்ன? துருவும் புடிக்காது, கலரும் நம்ம இஷ்டம், ப்ளூயிங்கைவிட உழைக்கும்னு சொல்றாங்களே.

உளிக்காரன்

உழைக்கும், பொய் இல்ல. உப்புக் காத்து, வேர்வை அதிகமா படுற கை, இவங்களுக்கு நான் போட்டுக் குடுத்திருக்கேன். ஆனா அது மேல உக்காரும் படலம், சுமார் 25 மைக்ரான் கனம், ப்ளூயிங்கைவிடப் பல மடங்கு. ரெயில்லயும் பின் ஓட்டையிலயும் அதைக் கணக்குப் பண்ணாம அடிச்சா பிஸ்டல் இறுகி நிக்கும். அதோட, ஒட்டணும்னா கீழ உள்ள இரும்பை பிளாஸ்ட் பண்ணி சொரசொரப்பாக்கணும். அந்த வலது பக்கத்து ஃபேக்டரி பாலிஷ் மேல கிரிட் பாய்ஞ்சா அது அன்னையோட முடிஞ்சது. பாலிமர் பிஸ்டலோட ஸ்லைடுக்குத் தாராளமா போடுங்க. இதுக்கு என் கையால போட மாட்டேன்.

ஹார்ட் குரோம் நல்ல ஃபினிஷ், கீறல் விழாது, துரு கிட்ட வராது. ஆனா பழைய ஃபினிஷை ஆசிட்ல எடுக்கணும், முலாம் போடும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள்ள போயி கடினமான உதிரிகளை நொறுங்க வைக்கும், அதனால போட்ட சில மணி நேரத்துக்குள்ள 190 டிகிரி கிட்ட அவன்ல வச்சு எடுக்கணும். இதைக் கேக்காம தெரிஞ்சு பண்ற ஆள்கிட்ட மட்டும் குடுக்கணும். ஸ்பிரிங்குக்கு முலாம்ங்கிற பேச்சே கூடாது.

தாழைமடல்

நான் பழைய இரும்புப் பொருட்களைப் பாதுகாக்கற வேலையில இருக்கேன், துப்பாக்கி என் சொந்த ஆர்வம். இந்த இழையில எல்லாரும் ரெண்டே வழி மாதிரி பேசறீங்க, நடுவுல ஒன்னு இருக்கு, அதைத்தான் மியூசியங்கள்ல பண்றாங்க. இருக்கறதை இருக்கற இடத்துலயே நிறுத்தறது.

முதல்பிடி அண்ணா, உங்க பேனல் கீழ இருக்கிற ஆரஞ்சுத் துருவை நீங்க சொரண்டவே வேணாம். செவப்புத் துருவும் ப்ளூயிங்கோட கறுப்பும் ரெண்டுமே இரும்பு ஆக்சைடுதான், வகைதான் வேற. செவப்பு ஈரத்தைப் பிடிச்சு வச்சு மேல மேல தின்னும். கறுப்பு, அதாவது மேக்னடைட், இரும்போட ஒட்டி நின்னு தின்னறதைக் குறைக்கும். செவப்பைக் கொதிக்கிற தண்ணியில போட்டா கறுப்பா மாறும். பழைய ரஸ்ட் ப்ளூயிங்கோட ரகசியமே இதுதான், துருவை வேணும்னே வரவச்சு, கொதிக்க வச்சு, தேச்சு, திரும்பத் திரும்பப் பண்றது.

ஃப்ரேமை முழுசா பிரிச்சு, அசிட்டோன் வச்சு எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாம துடைங்க. எண்ணெய் இருந்தா மாறாது. ஸ்டெயின்லெஸ் பாத்திரத்துல டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணி வேணாம், அதுல இருக்கிற உப்பு கறை விடும். கொதிக்கிற தண்ணியில ஃப்ரேம் முழுகி ஒரு பத்துப் பதினஞ்சு நிமிஷம். வெளிய எடுத்தா அந்த ஆரஞ்சு எல்லாம் வெல்வெட் மாதிரி கறுப்பா நிக்கும். எண்ணெயே படாத நாலு சைபர் (0000, ரொம்ப மெல்லிசான) ஸ்டீல் வுல்லால லேசா தடவுங்க, அந்தப் பொடி மட்டும் உதிரும், கீழ ஒட்டின கறுப்பு நிக்கும். குழியோட அடியில இன்னும் ஆரஞ்சு தெரிஞ்சா திரும்ப ஒரு கொதி. புதுசா கறுப்புப் பொடி வர்றது நின்னா வேலை முடிஞ்சது. சூடு ஆறுறதுக்கு முன்னாடியே தண்ணி எல்லா ஓட்டையிலயிருந்தும் ஆவியா போயிருக்கும், உடனே எண்ணெய். ஏற்கெனவே இருக்கிற நல்ல நீலத்துக்கு இதுல ஒரு சேதமும் வராது. அழுத்தித் தேய்க்காம இருந்தா போதும்.

வெள்ளையா தேஞ்ச இடங்களுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, துணியில கொஞ்சமா எடுத்துப் பூசி, காஞ்சதும் துடைச்சு விட்டா வேர்வை நேரா இரும்புல படாது. சுடற பிஸ்டல்னா அப்பப்ப திரும்பப் பூசணும், எண்ணெய் மாதிரி கையில வழுக்காது. கோல்டு ப்ளூ பாட்டில் வாங்கிப் பூசலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க, அது செலினியமும் செம்பும் படிய வைக்கிற சமாச்சாரம், ஹாட் ப்ளூ மாதிரி ஆக்சைடு இல்ல, ஒரு சின்னக் கீறலுக்குச் சரி, முழு முன்பக்கத்துக்கும் பூசினா திட்டுத்திட்டா வந்து கொஞ்ச நாள்ல பழுப்பாயிடும்.

கருநீலம்

தாழைமடல் சொன்னதைப் படிச்சதும் என் கருத்தைக் கொஞ்சம் மாத்திக்கறேன். குழியோட விஷயத்துல குறிப்பா. ரீ-ப்ளூன்னா குழி போகணும்னு எல்லாரும் எதிர்பாப்பாங்க, குழி போகணும்னா குழியோட அடி வரைக்கும் சுத்தி உள்ள இரும்பை எல்லாம் இறக்கணும். பேனல் உக்காரும் இடத்துல அவ்வளவு தேச்சா அப்புறம் பேனலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இடைவெளி தெரியும். பேனலை மூடினா யாரும் பாக்கப் போறதில்லாத இடத்துக்காக பிஸ்டலோட உருவத்தையே கெடுக்கறதுல அர்த்தமே இல்ல. குழி இருக்கட்டும், துரு மட்டும் நிக்கட்டும்.

முதல்பிடி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல.

அப்டேட் சொல்றேன். உளிக்காரன் அண்ணன் சொன்ன மாதிரி ரெண்டு ஸ்பிரிங்கும் வரவழைச்சேன். பழைய ரீகாயில் ஸ்பிரிங்கையும் புதுசையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சா பழசு நாலஞ்சு சுத்து அளவுக்கு கட்டையா இருக்கு, அதுவும் நடுவுல வளைஞ்சு போயி. எத்தனை நாளா ஃப்ரேம் அடி வாங்கியிருக்கும்னு நினைச்சா பகீர்னு இருந்தது. எனக்குத் தெரிஞ்ச லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்கிட்ட பிரிச்சுக் காட்டினேன், டை பெனிட்ரன்ட் போட்டார், செவப்புக் கோடு எங்கயும் இல்ல, குறுக்குக் கட்டை இறுக்கமா இருக்கு, லக் விளிம்பு லேசா பளபளப்பு மட்டும், ஹெட்ஸ்பேஸ் சரி. மனசுல இருந்து ஒரு பாரம் இறங்குச்சு.

மார்க்கிங் பாத்தேன், போர்க் காலம் எதுவும் இல்ல, சாதா கமர்ஷியல்தான். ஸ்லைடு, ஃப்ரேம், பேரல் மூணும் ஒரே நம்பர்.

ஒரு கேள்வி. கன்ஸ்மித் மேகசின் டிஸ்கனெக்ட்டை எடுத்துட்டா ட்ரிகர் நல்லா ஆகும்னு சொன்னார். எடுக்கலாமா?

ரேஞ்ச்பக்கம்

ட்ரிகர் வித்தியாசம் உண்மைதான். மேகசின் சுவர்ல ஒரு குட்டி பிளஞ்சர் உரசிட்டே இருக்கறதாலதான் அந்த மணல் மாதிரி நெருடல்.

உளிக்காரன்

என் பதில், எடுக்காதீங்க. அது ஃபேக்டரி வச்ச சேஃப்டி. மேகசின் வெளிய இருந்தா சுடாதுன்னு உங்க கை இத்தனை நாள் பழகின பிஸ்டல் இது, திடீர்னு அந்தப் பழக்கம் பொய்யாகும். சில ஊர்ல சேஃப்டியைக் கழட்டறது சட்டச் சிக்கல், போட்டி விதியிலயும் இடிக்கும். அதுக்குப் பதிலா பிளஞ்சரோட முனையையும் அது உரசற மேகசினோட முன்பக்கத்தையும் சுத்தம் பண்ணி, தேவைன்னா லேசா பாலிஷ் போடச் சொல்லுங்க. நெருடல்ல பாதி அங்கயே போயிடும். புது மெயின் ஸ்பிரிங் போட்டதுல ட்ரிகர் கொஞ்சம் கனமாத் தெரியும், அது இருக்க வேண்டிய கனம், பழகிடும்.

பழையஇரும்பு

மூணும் ஒரே நம்பர்னா அது நல்ல சேதி. பேரலை மாத்தணும்னு யாராவது சொன்னா மாத்தினாலும் பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சுடற லோடு என்ன போடறீங்க? அந்தக் காலத்துப் பேரல்ல ஃபீட் ராம்ப் (தோட்டா பேரலுக்குள்ள ஏறுற சரிவு) நடுவுல ஒரு மேடு இருக்கும், உருண்டை மூக்கு ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டுக்காக வடிவமைச்சது, ஹாலோ பாயின்ட் (மூக்குல குழி உள்ள தோட்டா) தடுக்கும். அதுக்காக ராம்ப்பைத் தேய்ச்சுத் தள்ளறவங்க உண்டு. அதுவும் திரும்ப வராத வேலைதான்.

முதல்பிடி

ரவுண்ட் நோஸ் மட்டும்தான் போடறேன் சார், பேப்பர் டார்கெட் தவிர வேற எதுக்கும் இதை எடுக்கறதில்ல.

சரி, முடிவுக்கு வந்துட்டேன். ஃப்ரேமை தாழைமடல் சொன்ன மாதிரி கொதிக்க வைக்கப் போறேன், ஸ்லைடைத் தொடவே மாட்டேன், மெழுகு மட்டும். டிஸ்கனெக்ட் இருக்கட்டும். ரிங் ஹேமர் கன்ஸ்மித் கையால மாட்டறேன், பழசு கவர்ல. விரிசல் விட்ட பேனலுக்குப் பதிலா மரப் பேனல், ஒரிஜினல் ரெண்டையும் டிராயர்ல பத்திரமா. சைட்டுக்கு ஸ்லைடை வெட்டப் போறதில்ல, முன் சைட்டோட பின்பக்க முகத்துல மட்டும் வெள்ளை பெயின்ட் ஒரு சொட்டு வச்சுப் பாக்கறேன், பிடிக்கலன்னா சொரண்டிடலாம். நல்ல சைட்டோட ஹை பவர் சுடணும்ங்கிற ஆசை போகல ரேஞ்ச்பக்கம், அது நீங்க ஏத்தி விட்டது, அதுக்கு ஒரு எஸ்ஏ-35க்கு லைசென்ஸ் அப்ளிகேஷன் போடலாம்னு இருக்கேன். அதை என்ன வேணா பண்ணிக்கலாம்.

ரேஞ்ச்பக்கம்

நான் சொன்னதுல பாதி ஜெயிச்ச மாதிரிதான், சந்தோஷம். பெயின்ட் வைக்கறதுக்கு முன்னாடி சைட்டை ஆல்கஹால்ல துடைங்க, இல்லன்னா ரேஞ்ச்ல ரெண்டாவது மேகசின்லயே உதிர்ந்துடும். வெள்ளை மேல மெல்லிசா ஆரஞ்சு வச்சா வெயில்லயும் நல்லாத் தெரியும்.

தாழைமடல்

ஃப்ரேம்ல சீரியல் நம்பர் இருக்கிற இடத்துல மட்டும் ஸ்டீல் வுல் வேணாம் அண்ணா, பருத்தித் துணியால துடைச்சா போதும். அந்த எண் எந்தக் காலத்துலயும் மங்கக் கூடாது, லைசென்ஸ்ல இருக்கறது அதுதானே.

உளிக்காரன்

நல்ல முடிவு தம்பி. கொதிக்க வைக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரேமுக்குள்ள சியர் ஸ்பிரிங், மேகசின் கேட்ச், டிஸ்கனெக்ட்டோட பிளஞ்சர் ஸ்பிரிங் எல்லாம் வெளிய வந்துடுச்சான்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஸ்பிரிங் உள்ள மாட்டிக்கிட்டு ஈரம் நின்னா வெளிய துருவை நிறுத்திட்டு உள்ள புதுசா வளத்த மாதிரி ஆயிடும். திரும்பக் கோத்த பிறகு, லோடு இல்லாம, காலி மேகசின் போட்டு, ஹேமரைப் பின்னுக்கு இழுத்து வச்சு, சேஃப்டி ஆன்ல ட்ரிகரை நல்லா அழுத்திப் பாருங்க, ஹேமர் அசையக் கூடாது. அழுத்தினதை விட்டுட்டு சேஃப்டியை ஆஃப் பண்ணும்போதும் ஹேமர் அப்படியே நிக்கணும். அப்புறம் ஹேமரை முழுசா பின்னுக்கு இழுத்து வச்சு கட்டைவிரலால முன்னுக்குத் தள்ளுங்க, நழுவக் கூடாது. ரிங் ஹேமர் புதுசா மாட்டறதால இந்தச் சோதனை கட்டாயம். மேகசின் இல்லாம ட்ரிகர் வேலை செய்யக் கூடாது. இத்தனையும் சரியா இருந்தா ரேஞ்சுக்குப் போயி முதல்ல மேகசின்ல ரெண்டே ரெண்டு ரவுண்ட் போட்டுச் சுடுங்க, ரெண்டு ரெண்டா கொஞ்ச நேரம். கேஸ் எங்க விழுதுன்னு பாத்து இங்க எழுதுங்க.